தும்புத்தடிச் சோதனை

இருபத்தாறு வருடம் துவக்குக்குப் பிடங்கு செய்து பிழைத்தவன் நான். ஒரு நாளும் ஒரு துவக்கால் சுட்டதில்லை. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் நம்புவதே இல்லை. சட்டை தைக்கிறவர் எல்லாச் சட்டையையும் போட்டுப் பார்த்தா தைக்கிறார்?

பிடங்கு என்பது துவக்கின், அதாவது துப்பாக்கியின், மரப் பகுதி. தோளில் முட்டுவதும் கன்னம் சாய்வதும் கை பிடிப்பதும் அதில்தான். நான் செய்தவை எல்லாம் போட்டிக்காரருக்கு. சாக்கில் படுத்துக்கொண்டு ஐம்பது மீற்றருக்கு அப்பால் இருக்கிற காகித வட்டத்தைச் சுடுகிற அப்பாவிச் சனம் அவர்கள். ஒவ்வொருவருக்கும் கழுத்து வேறு, கை நீளம் வேறு, கன்ன எலும்பு வேறு. கடையில் வாங்கிய பிடங்கு ஒத்துவராதவர்கள் எங்கள் பட்டறைக்கு வருவார்கள்.

போன மாதம் அந்தப் பழைய பட்டறையிலிருந்து செந்தில் ஃபோன் எடுத்தான். கோயம்புத்தூர்ப் பிள்ளை, எஞ்சினியர். இப்போது அங்கே ஆளைக் கமராவால் அளந்து மரத்தைத் தானே வெட்டுகிற இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது. அதைப் பார்க்கிறவன் அவன்தான்.

"அங்கிள், மெஷின் குடுக்குற அளவு எல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா ஒரு கஸ்டமர் ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாரு. தோள்ல உக்கார மாட்டேங்குதுன்னு சொல்றாரு. நீங்க இருந்தப்ப இதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"தும்புத்தடி குடுத்துப் பார்த்தனியளோ?"

"அப்படின்னா?"

"நீட்டுப் பிடி வைச்ச விளக்குமாறு, தம்பி."

செந்தில் சிரித்தான். பிறகு, "அங்கிள், இத எழுதிக் குடுங்க. நான் சொன்னா இங்க யாரும் நம்ப மாட்டாங்க" என்றான். சரி, எழுதுகிறேன். ஆனால் எழுத வெளிக்கிட்டால் என்னுடைய பெரிய பிழை ஒன்றையும் எழுத வேண்டிவரும். அதையும் எழுதிவிடுகிறேன்.

நான் மெல்பேர்னுக்கு வந்த புதிதில் கதிரை, மேசை செய்கிற ஃபாக்டரி ஒன்றில் வேலை. கால்களைக் கடைந்து கடைந்து என் கால்கள் போயின. அந்த ஃபாக்டரியைப் பூட்டியபோது, மரவேலை தெரிந்த ஆள் தேவை என்று யாரோ சொல்லக் கேட்டு கொலினின் பட்டறைக்குப் போனேன். மூன்று பேர் வேலை செய்கிற இடம். துவக்கு என்றதும் திரும்பி வாசல் வரை போனது உண்மை. இரும்பைத் தொடுகிற வேலைக்கு லைசென்ஸ் வேண்டும், உனக்கு மரம் மட்டும்தான் என்று கொலின் சொன்ன பிறகுதான் சேர்ந்தேன். சறோ, என் மனைவி, அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"துவக்குக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்து, இஞ்சை அதுக்குச் சட்டை தைக்கப் போறியளோ?"

தைத்தேன். முதல் இரண்டு வருடம் கூட்டினேன், தேய்த்தேன், எண்ணெய் பூசினேன், பிழையாக வெட்டினேன், பிறகு குறைவாகப் பிழை விட்டேன். பயிற்சிக் கதை அவ்வளவுதான்.

கொலினைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒல்லியான, நெடிய மனிதர். காதில் எப்போதும் பென்சில். வேலை நன்றாக இருந்தால் வாய் திறக்கமாட்டார். தேத்தண்ணி நேரத்தில் உங்கள் மேசையில் ஒரு இஞ்சி பிஸ்கட்டை வைத்துவிட்டுப் போவார். வேலை பிழைத்தால் பிஸ்கட் இல்லை. என் முதல் பிஸ்கட் கிடைக்க ஏழு மாதம் எடுத்தது. இரண்டு பிஸ்கட் ஒன்றாக வாங்கிய ஆள் அந்தப் பட்டறையில் யாரும் இல்லை.

சேர்ந்த முதல் கிழமை, செந்தில் சொல்வதானால் முதல் வாரம், நான் அரம் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். "உன்னுடைய கை எது?" என்று கேட்டார். வலது என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்த நாள் காலையில் வந்து பார்த்தால், மரத்தை இறுக்கிப் பிடிக்கிற வைஸைக் கழற்றி மேசையின் மற்றப் பக்கத்தில் பூட்டியிருந்தார். அந்தப் பக்கம் நின்று அரத்தை எடுத்தேன். உடம்பு முறுகாமல் நேராக நின்றது. சின்ன வயதில் இடக்கையால் சோற்றைத் தொட்டதற்கு அகப்பைக் காம்பால் அடி வாங்கி வலக்கைக்கு மாறியவன் நான். எழுதுவது வலக்கை, சாப்பிடுவது வலக்கை. கருவியை எடுத்தால் மட்டும் கை தன்பாட்டில் இடப்பக்கம் போயிருக்கிறது. எனக்கே தெரியாததை அந்த மனிதர் நான்கு நாளில் கண்டுபிடித்துவிட்டார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. மரத்தூள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆளை அளக்கிற விதத்தையும் அவரிடம்தான் எடுத்தேன். புதிதாக ஒருவர் வந்தால் முதலில் படிவம். உயரம், கை நீளம், எந்தக் கை, எந்தக் கண். அதை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, மூலையில் நிற்கிற தும்புத்தடியை எடுத்து அந்த ஆளிடம் எறிவார். "பிடி. அந்தக் கதவைச் சுடு." வக்கீலோ பல் வைத்தியரோ, வந்தவர் வெட்கப்பட்டுக்கொண்டே தும்புத்தடியைத் தோளில் வைப்பார். எந்தத் தோள், எந்தக் கண் மூடுகிறது என்று பார்த்த பிறகுதான் படிவத்தை நிமிர்த்துவார்.

அடுத்தது ஸ்ட்ரோ. சுடுகிற குழாய் எதுவும் இல்லாத வெறும் இரும்புக் கட்டை ஒன்று எங்களிடம் இருந்தது. பாதி செய்த பிடங்கில் அதைப் பதித்து, அதன் மேல் குளிர்பானம் குடிக்கிற ஸ்ட்ரோ ஒன்றை ஒட்டுவோம். வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு பிடங்கைத் தோளில் வைத்து, கன்னத்தை வசதியாகச் சாய்த்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். நாங்கள் முன்னால் நின்று ஸ்ட்ரோவுக்குள்ளால் பார்ப்போம். கண்மணி தெரிந்தால் பிடங்கு சரி. புருவம் தெரிந்தால் கன்னம் வைக்கிற இடம் தாழ்வு. கன்னம் தெரிந்தால் உயரம் கூடிவிட்டது. மூக்கு தெரிந்தால் பிடங்கைப் பக்கவாட்டில் வளைக்க வேண்டும்.

மரத்தில் இரும்பு அமர்கிற குழி வெட்டுவதற்கு விளக்குப் புகை. இரும்பில் கரியைப் பிடித்து மரத்தில் வைத்து எடுத்தால், முட்டுகிற இடம் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பை மட்டும் உளியால் சீவ வேண்டும். திரும்ப வைத்து, திரும்ப எடுத்து, திரும்பச் சீவி. எண்பது தரம், நூறு தரம். குழி முழுக்க ஒரே சீராகக் கறுக்கிற நாளில் வேலை முடிந்தது. நான் வீட்டுக்குப் போகும்போது என் மூக்கும் அதே சீராகக் கறுத்திருக்கும்.

கொலின் ஓய்வுபெற்றபோது ஒரு வால்நட் கட்டையை எனக்குத் தந்தார். ஆற்று மணலில் தண்ணீர் போன தடம் மாதிரி ரேகை ஓடிய மரம். நல்ல ஆளுக்குச் செய் என்றார். பிறகு நானும் ஓய்வுபெற்றேன். நோபல் பார்க்கில் எங்கள் வீட்டுக் கராஜில் ஒரு மேசை, வைஸ், உளிகள், அந்த வால்நட். சறோ ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். இரும்பு வீட்டுக்கு வரக்கூடாது, அந்த மொட்டைக் கட்டையைத் தவிர. இரும்பும் மரமும் சேருகிற கடைசி வேலை பழைய பட்டறையில்தான் நடக்கும். இதற்கு அவளும் சம்மதம், சட்டமும் சம்மதம்.

ஓய்வுபெற்று இரண்டாம் வருடம் கௌரி வந்தாள். ஸ்பிரிங்வேலில் வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிற பெண். மகளைத் தனியாக வளர்த்தவள். அந்த மகள்தான் அபி. யூனிவர்சிட்டியில் கடைசி வருடம். விளையாட்டுக்கு என்று போய், கடைசியில் துவக்குச் சுடும் கழகத்தில் சேர்ந்துவிட்டாள். அது அவளுக்கு உயிராகிவிட்டது. மூன்று வருடமாக விடிய எழும்பிப் போகிறாள். புள்ளிதான் ஏறவில்லை. கழுத்து நோவு வேறு. பயிற்சியாளர், இது உனக்கான விளையாட்டு இல்லைப் போல என்று சொல்லிவிட்டாராம். மாநில அணிக்குத் தெரிவு ஏழு கிழமையில்.

"அண்ணை, இந்த முறை சரிவராட்டி விட்டுடுவன் எண்டுறாள்" என்றாள் கௌரி. "நான் வேண்டாம் வேண்டாம் எண்டு சொல்லித்தான் விட்டனான். இப்ப அவள் விடப்போறன் எண்டேக்கை எனக்குத்தான் நெஞ்சு பதைக்குது."

அபி கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் வால்நட் இவளுக்குத்தான் என்று முடிவெடுத்துவிட்டேன்.

படிவத்தை எடுத்தேன். "எந்தக் கை, பிள்ளை?"

"வலக்கை அண்ணை" என்றாள் கௌரி, மகள் வாய் திறக்க முதல்.

"யா, ரைட் ஹாண்ட்" என்றாள் அபி.

இப்போது நான் தும்புத்தடியைக் கொடுத்திருக்க வேண்டும். அது கராஜ் மூலையில் நின்றது. கை அதை நோக்கிப் போனதும் உண்மை. ஆனால் முதல் முதலாக வீடு தேடி வந்த எங்கள் சனம். சறோ பலகாரத் தட்டோடு வாசலில் நிற்கிறாள். வந்த பிள்ளையின் கையில், தாய்க்கு முன்னால், தும்புத்தடியைக் கொடுப்பதா? செருப்பைக் கொடுப்பது மாதிரி இருந்தது எனக்கு. வெள்ளைக்கார வக்கீலிடம் கூசாமல் எறிந்தவன், எங்கள் பிள்ளையிடம் மரியாதை பார்த்தேன். படிவத்தில் வலது என்று கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அகப்பைக் காம்பு வாங்கிய எனக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை.

வால்நட்டை வெட்டினேன். மூன்றாம் கிழமை அபி வந்து கண்ணை மூடிப் பிடங்கைத் தோளில் வைத்தாள். ஸ்ட்ரோவுக்குள் மூக்குத் தெரிந்தது. பக்கவாட்டில் வளைத்துச் சீவினேன். அடுத்த முறையும் மூக்கு. இன்னும் வளைத்தேன். நான் இரண்டு மில்லிமீற்றர் விட்டால் அவள் தலையை இன்னும் இரண்டு மில்லிமீற்றர் சாய்த்தாள். மூன்றாம் முறையும் மூக்கு. இருபத்தாறு வருடத்தில் இப்படி ஒரு மூக்கை நான் கண்டதில்லை.

"சொறி அங்கிள்" என்றாள் அபி. "ஐ திங்க் இட்ஸ் மீ. என்னிலைதான் பிழை."

"உன்னிலை ஒரு பிழையும் இல்லை. மரத்திலைதான்" என்றேன். ஆனால் மரத்தில் என்ன பிழை என்று எனக்கும் தெரியவில்லை. தெரிவுக்கு இருபத்துமூன்று நாள்தான் இருந்தது. முதல் தடவையாக எனக்கும் பயம் வந்தது.

அன்றைக்கு நான் சீவிய தூள் கராஜ் முழுக்கக் கிடந்தது. கௌரி சும்மா இராமல், "அபி, அங்கிளுக்கு இந்தத் தூளைக் கூட்டி விடன்" என்றாள். அபி மூலையிலிருந்த தும்புத்தடியை எடுத்தாள்.

"சும்மா விடு பிள்ளை" என்று சறோ அடுப்பை விட்டுக் குசினியிலிருந்து ஓடிவந்தாள். "இஞ்சருங்கோ, வந்த பிள்ளையைக் கூட்ட விட்டிட்டுப் பாத்துக்கொண்டு நிக்கிறியளே?"

நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அசையவில்லை. அபி கூட்டுகிற விதத்தில் ஏதோ ஒன்று எனக்குத் தெரிந்த விதமாக இருந்தது. இடக்கை கீழே, வலக்கை மேலே. தூள் முழுக்க அவளின் வலப்பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நானும் அப்படித்தான் கூட்டுவேன்.

"பிள்ளை, நில்லு. கண்ணை மூடு. யோசியாமல் அந்தத் தும்புத்தடியாலை கதவைச் சுடு."

அபி சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள். தும்புத்தடி ஒரே வீச்சில் எழும்பி இடத்தோளில் போய் நின்றது. தலை நிமிர்ந்திருந்தது. கழுத்து நேராக இருந்தது. இவ்வளவு நாளும் வலத்தோளில் வைத்துவிட்டு இடக்கண்ணால் பார்க்கத்தான் அந்தத் தலை சாய்ந்திருக்கிறது. கண்ணைத் திறந்தவள் தன் கையைப் பார்த்தாள். "வாட்?" என்றாள்.

அந்த இடத்தில் கௌரி ஸ்டூலில் இருந்துவிட்டாள்.

"நான்தான் அண்ணை" என்றாள். "சின்னனிலை இடக்கைதான் இவளுக்கு. கோயிலிலை திருநீறு வாங்கவும் இடக்கையைத்தான் நீட்டுவாள். ஐயர் பாப்பார், சனம் பாக்கும். தகப்பனும் இல்லாத பிள்ளை, வளர்ப்புச் சரியில்லை எண்டு சொல்லுவினம் எண்டு பயந்திட்டன். மூண்டு வயசிலை அந்தக் கையிலை சொக்ஸைப் போட்டு ரப்பர் பாண்ட் கட்டி விட்டனான். ஒரு மாதம். பிறகு தானாவே மாத்தீட்டாள்."

"எனக்கு ஞாபகமே இல்லை அம்மா."

"எனக்கு இருக்கு" என்று சொல்லிக் கௌரி முகத்தை மூடிக்கொண்டாள்.

அபி தும்புத்தடியோடு போய்த் தாய்க்குப் பக்கத்தில் குந்தினாள். "அம்மா, இட்ஸ் ஓகே. அப்ப எனக்குச் சுடத் தெரியாமல் இல்லை. அதுதான் எனக்கு வேணும்." அவள் முகத்தில் கோபம் இல்லை. மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு காரணம் கிடைத்த சந்தோசம்தான் இருந்தது. எனக்கு என்மேல்தான் கோபம். முதல் நாளே அந்தத் தும்புத்தடியைக் கொடுத்திருந்தால் மூன்று கிழமை மிஞ்சியிருக்கும், வால்நட்டும் மிஞ்சியிருக்கும்.

வலப்பக்கத்துக்கு வெட்டிய பிடங்கை இடப்பக்கத்துக்குத் திருப்ப முடியாது. கழகத்தில் இடக்கைக்காரருக்கான பழைய துவக்கு ஒன்று மரம் வெடித்து யாரும் எடுக்காமல் கிடந்தது. அதைத் தரச் சம்மதித்தார்கள். இரும்பு கிடைத்துவிட்டது, மரம் இல்லை. புதிதாக ஓடர் செய்தால் வந்து சேரவே ஒரு மாதம்.

கராஜில் இன்னொரு மரம் இருந்தது. அதை நான் பார்க்காத மாதிரி நின்றேன். மூன்று அங்குலத் தடிப்பில் நல்ல பிளாக்வுட் பலகை. சறோவுக்கு ஊஞ்சல் செய்து தருகிறேன் என்று ஒன்பது வருடத்துக்கு முன் வாங்கியது. ஒவ்வொரு பொங்கலுக்கும் அவள் அதைக் கேட்பாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் வருகிற சித்திரைக்கு என்பேன்.

கௌரியும் அபியும் போன பிறகு சறோதான் கராஜுக்கு வந்தாள். அந்தப் பலகையைத் தட்டிப் பார்த்தாள்.

"இது போதுமோ?"

"அது உன்ரை ஊஞ்சல்."

"ஒன்பது வருசமா ஆடாத ஊஞ்சல்" என்றாள் சறோ. "வெட்டுங்கோ. ஆனா ஒண்டு, அந்தப் பிள்ளை வெல்லாட்டிலும் பரவாயில்லை, கழுத்து நோகாமல் இருக்கோணும்."

துவக்குக்குச் சட்டை தைக்கிறாயா என்று கேட்ட அதே சறோதான். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. கை முழுக்கக் கரி என்பதால் விட்டுவிட்டேன்.

பன்னிரண்டு நாள் வேலை செய்தேன். வைஸ் எனக்கு வசதியான பக்கத்தில், பிடங்கு அவளுக்கு வசதியான பக்கத்தில். கரி, உளி, கரி, உளி. பாதியில் அபி வந்து கண்ணை மூடினாள். நான் ஸ்ட்ரோவுக்குள்ளால் பார்த்தேன். கண்மணி, நட்டநடுவில். அதைச் சுற்றிக் கொஞ்சம் கண்ணீர். கண்ணீர் என்னுடையதா அவளுடையதா என்று சொல்லமாட்டேன்.

எண்ணெய் பூசிக் காய்ந்ததும் பிடங்கைக் கொலினிடம் கொண்டுபோனேன். எண்பது தாண்டிவிட்டார். மடியில் வைத்து விரலால் தடவினார். "வால்நட் எங்கே?" என்றார். மறைக்க வழியில்லை. நடந்ததைச் சொன்னேன்.

"தும்புத்தடி கொடுக்கவில்லையா?"

"எங்கள் ஆட்களுக்கு அது மரியாதை இல்லை, கொலின்."

"மரியாதை" என்றார். அந்தச் சொல்லை மென்று பார்க்கிற மாதிரித் திரும்பவும் ஒருமுறை சொன்னார். பிறகு பிஸ்கட் பேணியைத் திறந்து ஒன்றை எடுத்து என் பக்கம் வைத்தார். யோசித்துவிட்டு இன்னொன்றையும் எடுத்தார். நான் கையை நீட்டினேன். அதைத் தானே கடித்துவிட்டார்.

பட்டறையில் இரும்பைப் பூட்டிக் கொடுத்த பிறகு அபிக்குப் பழகப் பத்து நாள்தான் இருந்தது. தெரிவு நாளில் காதுக்கு மூடி போட்டுக்கொண்டு நானும் சறோவும் கௌரியும் பின் வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அபியின் கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரைக்கும் அது நேராக இருந்தது. அணியில் நான்கு பேர். முடிவைப் பலகையில் போட்டபோது அபி நான்காவது. ஐந்தாவது பெண்ணைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல். கௌரி எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தாள்.

செந்தில், உனக்கான பதில் இதில் இருக்கிறது. இயந்திரம் நல்ல இயந்திரம். நான் இரண்டு நாள் செய்வதை அது ஒரு மணித்தியாலத்தில் செய்துவிடும், முதுகும் நோகாது. ஆனால் படிவத்தில் எழுதினதைத்தான் அது நம்பும். ஆகவே ஒரு தும்புத்தடியை வாங்கி வாசலில் வை. யார் வந்தாலும் எறி. எங்கள் ஆட்கள் வந்தால் இரண்டு தரம் எறி.

அடுத்த ஞாயிறு கௌரி வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு. ஆட்டுக்கறி, புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல். அபி தட்டுக்கு முன்னால் இருந்து இடக்கையால் பிசையப் பழகிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது புதிது. கௌரி வழக்கம் போலத் தண்ணீர்க் குவளையை மகளின் இடப்பக்கத்தில், சாப்பிடாத கைக்கு எட்டுகிற மாதிரி, வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். இரண்டு அடி போனவள் நின்றாள். திரும்பி வந்து குவளையைத் தூக்கி வலப்பக்கத்தில் வைத்தாள். அபி நிமிர்ந்து பார்த்தாள். 

பிறகு என் குவளையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள் கௌரி.

"அண்ணை, உங்களுக்கு எந்தப் பக்கம் வைக்க?"

எங்கள் ஆட்களில் ஒருவர் என்னிடம் இதைக் கேட்க அறுபத்தேழு வருடம் எடுத்திருக்கிறது. 

"வலப்பக்கமே வையுங்கோ, பிள்ளை" என்றேன்.

இடக்கையைத் தட்டில் வைத்தேன். முதல் வாய்ப் புட்டில் பாதி வாய்க்குப் போனது. மீதி மேசையிலும் மடியிலும் கௌரியின் புதுக் கம்பளத்திலும் விழுந்தது. அபி விழுந்து விழுந்து சிரித்தாள். சறோ என் தட்டைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், கம்பளத்தைப் பார்த்தாள்.

"கௌரி" என்றாள், "உங்கடை தும்புத்தடி எங்கை வைச்சிருக்கிறியள்?"